ஒரே பெட்டி மின்சாரம்

சாண்டஸ்கியில், எங்கள் வீட்டு நிலவறையில்,
கொதிகலனுக்கும் துணி துவைக்கும் தொட்டிக்கும் நடுவே
ஒட்டுப்பலகை மேல் கிடந்தது ட்ராக்:
இரண்டு காடி, இரண்டு கார்,
மின்சாரத்துக்கு ஒரே ஒரு பெட்டி.

அறுபத்தாறாம் வருடக் குளிர்காலம்.
ஈரி ஏரி உறைந்து கிடந்தது.
சிவப்பு வெண்டலுக்கு, மஞ்சள் எனக்கு.
மஞ்சளை நான் கேட்கவில்லை,
மிஞ்சியது அதுதான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம்.
இருப்பதை இருவருக்கும் பங்கிடும்;
ஒரு கார் காடியை விட்டுத் தெறித்தால்
அதன் பங்கும் சேர்ந்து மற்றதற்குப் பாயும்.
வளைவில் வெண்டல் கவிழ்ந்த நொடியில்
என் கார் பேய் பிடித்தாற்போல் துள்ளும்.
விரலைத் தளர்த்துவதற்குள்
அதுவும் போய்ச் சலவைத்தூள் டப்பாவில் முட்டும்.
"ஜெயிக்கவும் விடமாட்டே,
நிம்மதியாத் தோற்கவும் விடமாட்டே!"
கத்துவான்.
நானும் அதையேதான் கத்துவேன்.

போகப் போகக் காது பழகியது.
அவன் மோட்டாரின் ரீங்காரம் ஒரு இழை மெலிந்தாலே
என் விரல் தானாக விலகும்.

அப்புறம் பௌலிங் கூடத்தை ஒட்டி
எட்டுத் தட ட்ராக் ஒன்று வந்தது.
மணிக்கணக்கில் வாடகை,
வெள்ளிக்கிழமை வரிசை தெரு முனைவரை.
டயரில் தடவும் எண்ணெய்க்கு
மூட்டுவலித் தைலத்தின் வாசம்;
பதினாறு வயதுப் பையன்கள் எல்லாம்
வாத நோயாளிகள் போல மணந்தார்கள்.
மூன்றே வருடம்.
பிறகு அந்த இடத்தில் தரைவிரிப்பு விற்றார்கள்.
இதை நான் அழுது சொல்லவில்லை.
ஊருக்குத் தரைவிரிப்பும் வேண்டும்தானே.

தொண்ணூற்றிரண்டில் வீட்டை விற்றபோது
வெண்டலும் நானும் பேச்சை விட்டோம்.
எவ்வளவு பணத்துக்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
அவன் டூசானுக்குப் போனான்.
எனக்கு முதுகுத் தண்டில் ஒரு அறுவை நடந்தது,
அவனுக்கு ஒரு விவாகரத்து.
இரண்டும் இருவருக்கும்
யார் யாரோ சொல்லித்தான் தெரியும்.

இப்போது வியாழன்தோறும்
டர்னெலின் டயர் கடைக்குப் பின்னால், ஆறு தடம்.
கார் கூடுகளைப் பல் டாக்டர் ஓக்லி
அச்சிட்டுக் கொண்டுவருகிறார்.
சுற்றுகளைக் கணினி
ஆயிரத்தில் ஒரு நொடிவரை எண்ணுகிறது.
ஒவ்வொரு தடத்துக்கும் தனி மின்சாரம்:
யார் விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.
நல்ல ஏற்பாடு. நானே ஓட்டுப் போட்டேன் அதற்கு.

போன வாரம் கதவைத் தள்ளிக்கொண்டு
ஒரு ஆள் வந்தான், அக்குளில் ஷூ பெட்டி.
தலை முழு வழுக்கை,
நடை மட்டும் அப்படியே அப்பாவுடையது.
"எந்தத் தடம் காலி?"
கேட்டது டர்னெலை.
டர்னெல் எனக்கு அடுத்ததைக் காட்டினார்.
பாவம், அவருக்கென்ன தெரியும்.

ஷூ பெட்டிக்குள் சிவப்பு.
கண்ணாடி உடைந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
பார்க்க நேரமும் இருக்காது இந்த ஆட்டத்தில்.
பதினோராவது சுற்று, மூன்றாம் வளைவு:
அந்த ரீங்காரம் ஒரு இழை மெலிந்தது.
கம்பியில் எனக்கு எதுவும் வரவில்லை,
வரவும் வழியில்லை.
ஆனாலும் என் விரல்
ட்ரிக்கரை விட்டு முழுசாக எழுந்துவிட்டது.
சிவப்பு மல்லாந்து கிடக்க,
அதன் பக்கத்தில் மஞ்சள்,
ஒரு குறையும் இல்லாமல்
சும்மா நின்றது.

வளைவைக் காத்து நின்ற ஓக்லி
இரண்டுமே தெறித்தன என்று நினைத்து
இரண்டையும் அள்ளி,
அவசரத்தில் காடி மாற்றி வைத்துவிட்டார்.

நான் அழுத்தினேன்.
சிவப்பு ஓடியது.
பின்னாலேயே மஞ்சள் வந்தது,
ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும்
தேவைக்குமேல் தயங்கித் தயங்கி,
அவன் எப்போதும் ஓட்டுகிற மாதிரி.

அந்தச் சிவப்பு இடப்பக்கம் இழுக்கும் என்று
எனக்கு இதுவரை தெரியாது.

கணினி அவன் காரின் சுற்றை
என் பெயரில் ஏற்றிக்கொண்டது.
"லவெர்ன், நிறுத்து, நிறுத்து!" என்று ஓக்லி கத்த
ஒன்றரைச் சுற்று ஆனது.
அதுவரை
எங்கள் இருவரில் ஒருவரும்
வாய் திறக்கவில்லை.