கேட்கும் விலை

பெயரைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் விலை ஏறும்.
இரண்டே கதவு, இரண்டே இருக்கை,
இமை போலத் திறந்தெழும் முகப்பு விளக்கு.
ஐந்து வருடம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.
இவ்வளவு போதும்.

முதலில் பார்த்தது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.
சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
மினி பஸ்ஸுக்கும் வைக்கோல் டிராக்டருக்கும் நடுவே
மஞ்சளாய், இடுப்புக்கும் கீழே,
பறக்கச் செய்த ஒன்று
நாற்பது நிமிடம் எங்களோடு நின்றது.
ஓட்டி வந்தவர் இறங்கி
வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றார்.
கேட் திறந்தது.
ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
பருவகால வேலை.
சன்ன ரகம் இவ்வளவு, பொது ரகம் இவ்வளவு என்று
பலகையில் எழுதியிருக்கும்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
மூட்டை மறுபடி களத்துக்குப் போகும்.
என்ன விலை வேண்டும் என்று
யாரையும் நாங்கள் கேட்டதில்லை.

அதனால்தானோ என்னவோ
பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில்
வேறொரு சந்தை திறந்தேன்.

கோவை, சிவப்பு, ஆறு இருபத்தைந்து.
கொச்சி, வெள்ளை, ஐந்து தொண்ணூறு, சிறு வேலை உண்டு.
சிறு வேலை என்றால் எஞ்சின் இல்லை.
பெங்களூரு, கறுப்பு, விலை நேரில்.
நேரில் என்றால் உன் சட்டையைப் பார்த்து.
புதுச்சேரி, நீலம், எட்டு லட்சம், டாக்டர் ஓட்டியது.
எல்லாப் பழைய காரையும்
ஏதோ ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்.
நோயாளிகளை யார் பார்த்தார்களோ.

மேட்டூர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு
வந்து சேரப் பத்து நாள் ஆகும்.
கோவையில் ஒருவன் ஏற்றினால்
கொச்சிக்கு எட்ட இரண்டே நாள்.

மூன்றாம் வருடம் கண்டுபிடித்தேன்,
சேலத்துப் பச்சையும் மதுரைச் சாம்பலும் ஒரே வண்டி.
இடது கண்ணாடி ஓரம் நெல்மணி அளவு வெடிப்பு.
நெல்மணி அளவு எனக்குத் தெரியாதா?
பெயின்ட்டை மாற்றியவன் அதை மாற்றவில்லை.
பத்து என்பதை அடித்து ஒன்பது என்று எழுதினேன்.
பிறகு வேலூர் பைபாஸில் ஒரு லாரி.
எட்டு.
அன்றிரவு இழவு வீடு போலவும் இருந்தது,
வெளியே சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது,
மிச்சம் எட்டுக்கும் விலை ஏறுமே.
எட்டில் ஒன்றுகூட என்னுடையதில்லை என்பது
விடியும்போதுதான் ஞாபகம் வந்தது.

செங்கமலம் கேட்டாள்:
"வாங்குனா வடுவூர் வேகத்தடை ஏறுமா அது?"
ஏறாது.
அதற்கும் நோட்டில் ஒரு வரி உண்டு.
தரை இடைவெளி நாலரை அங்குலம்.
மன்னார்குடி முதல் வடுவூர் வரை வேகத்தடை பதினாறு.

தை அறுவடை நெருக்கத்தில்
கோவை ஆல்வின் மஞ்சள் ஒன்றைப் போட்டான்.
ஐந்து எழுபது.
என் எண்ணிலிருந்து கேட்டேன். குறையாது என்றான்.
ஒரு வாரம் விட்டு செங்கமலத்தின் எண்ணில்
திருவாரூர் வியாபாரியாய்க் குரல் தடித்தேன்.
பிறகு சுமைதூக்கும் சேப்பெருமாளின் போனில்
ஒரத்தநாட்டு வாத்தியார் ஆனேன்.
வாத்தியார் என்னைவிட நன்றாகவே பேசினார்,
பின்சக்கர அச்சைப் பற்றியெல்லாம் விசாரித்தார்.

மாசியில் ஆறு பத்து என்று மாறியிருந்தது.
ஏன் என்றேன், சொந்தக் குரலில்.

"அண்ணே, உங்க தஞ்சாவூர்ப் பக்கம்
இந்த மாடலுக்குத் திடீர்னு கிராக்கி.
ஒரே மாசத்துல மூணு பேர் கேட்டாச்சு.
அதுல ஒரு வாத்தியார்,
எப்ப வேணா பணத்தோட வந்துருவார்போல."

தராசில் மூட்டை ஏறியிருந்தது.
எழுதுங்க சார் என்றான் சேப்பெருமாள்.
எழுதினேன்.
இந்தக் களத்தில் நின்று ஒருவன் கேட்டு
ஒரு விலை ஏறியது இதுதான் முதல் தடவை.

இனி கேட்பதில்லை என்று
மூன்று பேரும் முடிவு செய்தோம்.
வாத்தியார் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தார்.