நீச்சல்குளம், குறியீடு பதினான்கு

ஒரு குளத்துக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு.
ஓரத்தைச் சொடுக்கிச் சுற்றிவந்து
பதினான்கு என்று எண் போட்டால் குளம்.
கக்கதாசபுரத்தின் மூன்றாம் மாடியில்
நானும் நாகவேணியும்
அரிசோனாவைக் கொல்லைப்புறம் கொல்லைப்புறமாக
அளந்துகொண்டிருக்கிறோம்.

அங்கே எப்போதும் காலை பத்தரை.
படமெடுக்கும் கோள் அந்நேரத்துக்குத்தான் வரும்.
சாகுவாரோக் கள்ளி மேலிருந்து வெறும் புள்ளி;
பக்கத்தில் விழுந்த நிழல்தான் சொல்கிறது
அதற்குக் கை இருப்பதை.
முதல் கை முளைக்க எழுபது ஆண்டு ஆகுமாம்.
கள்ளிக்குக் குறியீடு இல்லை.

முதல் வாரமே கிராண்ட் கேன்யன் என் பங்கில் விழுந்தது.
ஊர் உலகம் போய் வாயடைத்து நிற்கும் பள்ளம்,
என் திரையில்
பித்தவெடிப்பு கண்ட குதிகால்.
அரைநாள் தேடினேன். ஒரு குளமும் இல்லை.
அன்று பஸ் காசுகூடத் தேறவில்லை.

அதை அறுத்த ஆறு
தெற்கே வரவர மெலிந்து
வாய்க்காலுக்குக் கொடுத்து, வயலுக்குக் கொடுத்து
கடலுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது.
நான் வாணியம்பாடிக்காரி.
மணலாக முடியும் ஆற்றை
எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

மேற்கோரத்தில் லண்டன் பாலம் இருக்கிறது, பொய்யில்லை.
விலைக்கு வாங்கி, கல்லுக்குக் கல் எண் எழுதி
கப்பலேற்றிக் கொண்டுவந்து
கட்டாந்தரையில் கட்டிவிட்டு
அப்புறம் அடியில் தோண்டித் தண்ணீரைக் கூப்பிட்டார்கள்.
நாகவேணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
மேலாளர் பத்மநாபய்யா எட்டிப் பார்த்தார்:
"நாம ஏரியை மூடி பஸ் ஸ்டாண்ட் கட்டினோமே,
மெஜஸ்டிக்ல இறங்குறப்ப
என்னைக்காவது கால் நனைஞ்சுதா?"

காசு ஃபீனிக்ஸில்தான்.
தெருவுக்கு முப்பது குளம்
சிறுநீரகம் போல, கிடார் போல, சும்மா சதுரமாய்.
நேற்று ஒரு காலி மனையில்
மண்ணுக்குள்ளிருந்து மங்கலாய் ஒரு கோடு.
பழைய வாய்க்கால்.
ஆயிரம் ஆண்டுக்கு முன்
கல்லாலும் கம்பாலும் தோண்டியது.
பின்னால் வந்தவர்கள் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் விட்டு
சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை
ஊருக்கு வைத்தார்கள்.
சாம்பல் ஆகாதவர்கள்,
தோண்டியவர்களின் வழிவந்த ஓதம் மக்கள்,
நகரத்தைத் தாண்டி இன்னும் இருக்கிறார்கள்.
அங்கே குளம் குறைவு. எனக்கு வரும்படியும்.

கோட்டுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டேன், 'மற்றவை'.
சரிபார்ப்பிலிருந்து திரும்பி வந்தது:
வேலைக்குச் சம்பந்தமில்லை, நீக்கவும்.
நீக்கினேன்.

அங்கே பத்தரை என்றால் இங்கே இரவு பதினொன்று.
அவர்களும் கோடைக்குக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை
நாமும் இல்லை;
அந்தப் பன்னிரண்டரை மணி அசைவதே இல்லை.
வீட்டு வாசலில் டேங்கர்.
இருபத்துநான்கு வீட்டுக்கு ஆறாயிரம் லிட்டர்.
ஒட்டுப்போட்ட குழாயில் கசிந்து
தார்மேல் ஒரு குட்டை பரவியது.
செருப்பு நுனியால் ஓரத்தைச் சுற்றி வந்தேன்,
பழக்கம்.
முடிக்கும் முன் அது வடிவம் மாறிவிட்டது.

"அடுத்த லோடு வியாழக்கிழமை," என்றான் முனிராஜு,
"ரேட் ஏறும்."