அறுபத்து நான்கு

மரைக்கே கேட்டது இவ்வளவுதான்:
அந்தச் சத்தம் நிற்கக் கூடாது,
போக வேண்டும்.

தொங்கு ரயில் வளைவில் திரும்பும்போது
இரும்பு இரும்பிடம் முறையிடும் நாலு விநாடி.
பார்மென் பாலத்தடியில், ஜனவரியில்,
கையுறைக் கையால் நான் பிடித்து வந்தது.

போவது என்றால் சும்மாவா?
தூரம் போகிற ஒன்று முதலில் கூர்மையை இழக்கும்.
பிறகு அகலம் சுருங்கும்.
பிறகு அறை அதைத் தன்னுடையது என்று
சொல்லத் தொடங்கும்.
ஃபில்டர், ரிவெர்ப், டிலே, இன்னும் ஐந்து.
எட்டுக் குமிழ்கள். எனக்கு இரண்டு கைகள்,
அதிலொன்று தேநீர்க் கோப்பையில்.

எட்டையும் ஒரு மேக்ரோவில் கட்டினேன்.
ஒரே கல், எட்டு மாங்காய்.
எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுத்தால் சேறு.
ஆகவே ரிவெர்ப் இருபதில் தொடங்கி எழுபதில் நிற்கட்டும்,
டிலே மூன்றே மூன்று புள்ளி நகரட்டும்,
ஒலியளவு மட்டும் தலைகீழ்:
குமிழ் ஏற ஏற அது இறங்கும்,
தராசின் மறுதட்டு.

பெயர் கேட்டது மென்பொருள்.
"போ" என்று அடித்தேன். தமிழில்.

பிறகு கோடு. தொண்ணூறு விநாடி ஏற்றம்.
நேராக வரைந்தால் லிஃப்டில் போவது போலிருந்தது.
நடுவில் கொஞ்சம் தொய்யவிட்டேன்,
விடைபெற்ற பின் வாசலில் செருப்பைத் தேடும்
விருந்தாளிக்காக.

சனிக்கிழமை. பழைய நாடாத் தொழிற்சாலை. நாற்பத்தொரு பேர்.
கேபிளை ஒதுக்கப் போன என் முழங்கை
குமிழில் பட்டது.

தொட்டால் கோடு கோபிப்பதில்லை.
சாம்பல் நிறமாகிவிடும், அவ்வளவுதான்.
இனி நீயே பார்த்துக்கொள் என்பதுபோல்
மூலையில் ஒரு சின்ன விளக்கு.

எண் அறுபத்து நான்கில் நின்றது.
ஆயகலைகளின் கணக்கு,
ஒன்றாவது கைகொடுக்க வேண்டுமே.
பாதி போன சத்தம்
பாதியிலேயே நின்றுவிட்டது,
கதவில் கை வைத்தபடி.

மரைக்கே அதைப் பார்த்தாள். சத்தத்தைத்தான்.
ஒத்திகையில் இல்லாத ஏழு எட்டு வைத்து
அது நின்ற இடத்துக்குப் போனாள்,
அதன்மேல் தோள் சாய்த்தாள்.
அவள் மூச்சு வாங்குவது கடைசி வரிசை வரை கேட்டது.

விளக்கை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.
தெரியும். அழுத்தவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
அழுத்தியபோதுதான் புரிந்தது,
கோடு எனக்காகக் காத்திருக்கவில்லை.
சாம்பலாய்க் கிடந்தபோதும் ஏறிக்கொண்டே போய்
எப்போதோ உச்சியைக் கடந்திருந்தது.

சத்தம் போகவில்லை.
சட்டென்று இல்லை.
அவள் தோள் மட்டும்
இன்னும் எதன்மீதோ சாய்ந்திருந்தது.

கேபிள் சுற்றும்போது வந்து கேட்டாள்:
நாளைக்கும் அதே இடத்தில் நிறுத்துவாயா?

எந்த இடம் என்று
நான் குறித்து வைக்கவில்லை.