ஆறு பத்து முதல் ஒன்பது நாற்பத்திரண்டு வரை

ஆறு பத்துக்கு ஹிக்கின்சன் நெடுஞ்சாலை நெரிசலில்
ஒரு முட்டை லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
கைபேசி துள்ளியது:
ஹோஸ்ட் செத்துவிட்டது.

அந்த வாசகம் நான் எழுதியதுதான்,
போன வருடம், ஏதோ அவசரத்தில்.
நாகரிகமாக மாற்ற நினைத்து
மாற்றாமலே விட்டது.

சாட்ஸ்வொர்த் வீட்டில், செருப்போடு, சமையல் மேடைமேல்
மடிக்கணினியைத் திறந்தால்
டாஷ்போர்டின் பன்னிரண்டு கட்டமும் சிவப்பு.
பிங் அனுப்பினேன். பதினொரு மில்லிநொடியில்
போன பந்து திரும்பி வந்தது.
செத்தவன் பந்து எறிவானா?

9100-ஆம் போர்ட்டைத் தட்டினேன்.
மறுக்கப்பட்டது.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு வருடம் ஆயிற்று:
பதிலே வராமல் நேரம் தீர்ந்துபோவது வேறு,
மறுப்பு வேறு.
முன்னது கடலைப் பார்த்துக் கூப்பிடுவது.
பின்னது, பல்லி நுழையச் சந்து வைக்காமல்
முகத்தில் அறைந்த கதவு.
அறைய ஓர் ஆள் வேண்டும்.

உள்ளே போகும் சாவி பைன்டவுன் அலுவலகத்தில்,
என் மேசை இழுப்பறையில், மிட்டாய்க் காகிதங்களுக்கு அடியில்.
தாண்டேகாவை அழைத்தேன்.
மகனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள்.
திட்டிக்கொண்டே வண்டி எடுத்தாள்.

தினமும் காலையில் அவள் சொல்லும் ஜூலு வணக்கம்
என் காதில் 'சாவு போனா' என்றுதான் விழும்.
உன்னைக் காண்கிறோம் என்று பொருளாம்.
இன்று அதைச் சொல்லவில்லை.
"டிரான்ஸ்ஃபார்மர்ல குரங்கு பாய்ஞ்சிருக்கு.
ஆறு மணிக்கு மேல கரண்ட் ஒரு நிமிஷம் போய் வந்துச்சாம்,
காவல்காரர் சொல்றார்."

பிறகு ஸ்பீக்கரில் நாங்கள் இருவரும்:
கேபிளைப் பிடுங்கிச் செருகு. செருகியாச்சு.
ஃபயர்வால்? திறந்துதான் இருக்கு.
சர்வீஸ் ஓடுதா? குதிரை மாதிரி.
அந்த மெஷினிலேயே உட்கார்ந்து கேட்டுப் பார்.
விசைகளின் சத்தம். பிறகு சிரிப்பு:
"கிருபாஷன், கொட்டுது! சூடு, மெமரி, எல்லாம்.
உனக்கு மட்டும்தான் சொல்ல மாட்டேங்குது."

எந்த முகவரியில் காதை வைத்திருக்கிறது, படி.
ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள்,
மகனுக்குப் பின்னம் சொன்ன அதே குரலில்:
நூற்று இருபத்தேழு. சுழி. சுழி. ஒன்று.

என் முதுகுப் பக்கம் ஃபிரிட்ஜ் முனகியது.

எந்த இயந்திரமும்
தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண் அது.
மூன்று மணி நேரமாய்
குறைவில்லாமல் பேசியிருக்கிறது, தன்னிடமே.

கோப்பைக் கடைசியாக யார் தொட்டது?
"வெள்ளிக்கிழமை, அஞ்சு நாற்பத்தேழு," என்றவள்
பெயரைப் படிக்காமல் நிறுத்தினாள்.
படிக்க வேண்டியதில்லை.
சோதனைக்கென்று மாற்றி, பாதுகாப்பு என்று மனசைத் தேற்றி,
வார இறுதிக்குக் கிளம்பிப் போன கை
இந்தா, என் தோளில்தான் தொங்குகிறது.
மறுதொடக்கம் வரை உறங்கிக் கிடந்த வரியை
ஒரு குரங்கு எழுப்பிவிட்டது.

நாலு சுழி போடு, யார் கேட்டாலும் சொல்லட்டும்.
இல்லை, நில். யார் கேட்டாலும் வேண்டாம்.
உள்வலை முகவரியை மட்டும் போடு.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு
முதல் கட்டம் பச்சையானது.
வெப்பக் கோடு புழுப்போல் வலப்பக்கம் ஊர்ந்தது.
அங்கே விளக்கணைக்கும் சத்தம்.
"பெட்ரோல் காசு," என்றாள் தாண்டேகா.

வரைபடத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது,
வெள்ளையாய், ஒரு விரல் அகலத்துக்கு.
அந்நேரமெல்லாம்
வந்த ஆர்டரை எல்லாம் எண்ணி அடுக்கிக்கொண்டு
அது ஒழுங்காகத்தான் உழைத்திருக்கிறது.
பார்த்த கண் இல்லை.

மறுநாள் அந்த வாசகத்தை மாற்ற உட்கார்ந்தேன்.
'செத்துவிட்டது' என்பதை எழுத்தெழுத்தாய் அழித்தேன்.
'தொடர்பில் இல்லை' என்று தட்டி, அதையும் அழித்தேன்.
கடைசியில்
எச்சரிக்கை மணி அடிக்கிற இடத்தில்
இப்படி வைத்தேன்:

எனக்குத் தெரியவில்லை.