வட்ட முத்திரை

சிக்கப்பேட்டையில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர்
தலையைத் தூக்காமல் கேட்டார்:
"மூணு ஊரு பேர் இருக்கு. எது மேலே?"

அதனால்தான் அண்ணா வட்டமாகக் கேட்கிறோம் என்றேன்.
"வட்டத்துக்கும் தலை உண்டும்மா.
கைப்பிடியில ஒரு பொட்டு வைப்போம்,
பொட்டு இருக்கிற பக்கம் மேல்பக்கம்."

பொட்டு வேண்டாம் என்றேன்.
அதற்காக ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

ஆனேக்கல் தாண்டி எங்கள் ஏரி.
கரை முனிகெரேக்கு,
மதகு ஹாலுகட்டேக்கு,
தண்ணீர் நிற்கிற பள்ளம் தொட்டகுண்டிக்கு.
எந்தக் காலத்திலோ ஒரு சர்வேயர்
மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட கோடு.
பதினான்கு வருஷம் ஏரிக்குள் எருக்கு முளைத்துக் கிடந்தபோது
அந்தக் கோடு யாருக்கும் ஞாபகமில்லை.
பெங்களூரு குளித்துத் துவைத்த தண்ணீரை
இரண்டு தரம் சுத்தம் செய்து குழாயில் விட்டார்கள்.
தண்ணீர் வந்தது.
கூடவே கோடும் வந்தது.

நான் தொட்டகுண்டி பஞ்சாயத்தில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்.
தீர்மானம் கன்னடத்தில் எழுதுவேன்,
கூட்டல் கழித்தல் தமிழில்தான் வரும்.
மூன்று பஞ்சாயத்துக்கும் பொதுவாக ஓர் ஆள் வேண்டும் என்றபோது
இவள் எந்த ஊர்க்காரியும் இல்லை என்பதால்
என் பெயருக்கு எதிர்ப்பு வரவில்லை.
வாழ்க்கையில் முதல் தடவை அது எனக்கு உதவியது.

முதல் கூட்டம் மீனில் சிக்கி நின்றது.
குஞ்சு எந்த எல்லையில் விட்டது, எந்த எல்லையில் கொழுத்தது,
வலையில் விழுந்தது யார் பக்கம் என்று
சென்னவீரய்யா மூன்று மணி நேரம் பேசினார்.
கடைசியில் ஹாலுகட்டே தலைவர் ஃபர்ஹானா
"மீனைக் கூப்பிட்டு ஓட்டர் கார்டு கேளுங்க" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
சிரித்து முடிப்பதற்குள் நான் எழுதிவிட்டேன்:
மீன் குத்தகைப் பணம் ஒரே கணக்கில்.

வண்டல் மல்பெரித் தோட்டங்களுக்கு, டிராக்டர் வாடகை மட்டும்.
கரைப்புல் பால் சங்கத்துக்கு.
புது போர் போட மூன்று கையெழுத்து.
மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் சோதனைக்கு.
முத்திரை முனிகெரேயில் இருக்கும்,
மைப்பெட்டி ஹாலுகட்டேயில்,
பாஸ்புக் என் மேசையில்.
தீர்மானத்தில் இதை "பரஸ்பர நம்பிக்கை" என்று எழுதினேன்.
வேறு வார்த்தை தெரியவில்லை.

இரண்டு மாதம் ஃபர்ஹானா வரவில்லை.
அவர் ஊரில் பால் சங்கமே இல்லை,
புல்லில் எங்களுக்கு என்ன பங்கு என்று சொல்லியனுப்பினார்.
நியாயம்தான்.
யாரும் பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அந்த இடைவெளியில்தான்
டேங்கர் திம்மராயப்பா நுழைந்தார்.
லேஅவுட் வேலைக்கு நாளுக்கு அறுபது லோடு,
ரொக்கம், முன்பணம்.

மறுநாள் காலை சென்னவீரய்யா ஒரு காகிதம் நீட்டினார்.
மைப்பெட்டி இல்லாததால் பேனா மையைத் தடவி
முத்திரையை அழுத்தியிருந்தார்.
வட்டம் விழுந்திருந்தது.
உள்ளே ஒரு பெயரும் விழவில்லை.

"இது செல்லாது சார்."
"தெரியும்."
விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
கிழிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
பிறகு கேட்டார்:
"ஹாலுகட்டேயில் பால் சேகரிக்க
ஒரு ஷெட்டும் தராசும் வைத்தால் எவ்வளவு ஆகும்?"
தமிழில் கூட்டிக் கன்னடத்தில் சொன்னேன்.

ஸ்கூட்டரில் போய் ஃபர்ஹானாவிடம் தொகையைச் சொன்னபோது
அவர் இன்னொரு தராசு கேட்டார்.
ஒத்துக்கொண்டு வந்தேன், அதிகாரம் இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை கரைமேல் கூட்டம்.
மைப்பெட்டி காய்ந்து கிடந்தது.
யாரோ ஏரியில் கை நனைத்து
இரண்டு சொட்டு விட்டார்கள்,
நகரம் குளித்த தண்ணீர்.
அழுத்தினேன்.

முனிகெரே சாய்ந்து விழுந்தது,
ஹாலுகட்டே தலைகீழாக.
படிக்க வேண்டியவர்கள் கழுத்தைத் திருப்பிப் படித்தார்கள்.

போன மாதம் அனுப்பிய பாட்டிலுக்கு
இன்னும் ரிப்போர்ட் வரவில்லை.