மூன்றாவது டேக்

அந்தேரி மேற்கில் ஒரு சலூனுக்கு மேல்மாடி.
குரல் அறையில் மின்விசிறி கிடையாது,
அதன் மூச்சு மைக்கில் விழுமாம்.
ஏசியையும் அணைத்துவிட்டு மங்கேஷ்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரல் காட்டுவான்.
அப்புறம் நான் மாமியார்.

இந்தியில் அவள் காமினி தேவி.
தமிழுக்கு வந்ததும் காமாட்சி.
உள்ளங்கை அகலப் பொட்டு,
தூங்கும்போதும் கழற்றாத நகை,
எல்லாம் அப்படியே.
நாக்கு மட்டும் நான்.

நானூற்றுப் பன்னிரண்டாவது எபிசோட்.
கதவைத் திறக்கிறாள். உள்ளே
அச்சு அசல் அவளைப் போலவே ஒருத்தி
அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து
அவள் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.
மூன்று கோணம், மூன்று இடி.
தாளில் எழுதியிருந்தது:
"அப்படியென்றால் நான் யார்?"
உதட்டில் உட்காரவில்லை.
அவள் வாயை மூடிய பிறகும் என் தமிழ்
ஓடிக்கொண்டே இருந்தது,
கடைசி லோக்கலைத் துரத்துகிறவளைப் போல.
இரண்டு டேக் வீண்.
மூன்றாவதில் நானே உடைத்துப் போட்டேன்:
"அப்போ நான் யாரு?"
'யாரு'வில் குரல் பிசிறியது.
துக்கமெல்லாம் இல்லை.
கீழே தின்ற வடாபாவின் பச்சை மிளகாய்
தொண்டையில் இன்னும் குடியிருந்தது.
பர்ஃபெக்ட், என்றான் மங்கேஷ்.
எபிசோடுக்கு எழுநூறு.
பிடித்தம் போகக் கையில் அறுநூற்று முப்பது.

இது மார்ச்சில்.
ஆகஸ்டில் தம்பி பெலிக்ஸ்
வாட்ஸ்அப்பில் ஒரு பூனை அனுப்பினான்.
வீட்டுக்குப் புதிதாக இன்னொரு பூனை வந்திருக்கிறது.
பழையது அதைப் பார்க்கிறது,
நம்மைப் பார்க்கிறது,
வாயைத் திறக்கிறது. என் குரல்.
கீழே பதினொரு சிரிப்பு முகம் போட்டிருந்தான்.
யாருன்னு தெரியுதா, என்று கேட்டேன்.
"பூனை" என்றான்.

பிறகு எங்கே தொட்டாலும் நான்தான்.
சம்பள உயர்வு பக்கத்து நாற்காலிக்குப் போனால் நான்.
பிரியாணி தீர்ந்துபோன கடைசிப் பந்தியில் நான்.
டெபாசிட் இழந்த வேட்பாளரின்
கும்பிட்ட கைக்கு மேலே நான்.
சண்டிகர்க்காரியான அந்த நடிகை
தமிழ் ரசிகர்களுக்கு நன்றி சொன்னாள், இந்தியில்.
அதன் வாலிலும் எவனோ என்னை ஒட்டினான்.
அதை மட்டும் நாலு தடவை பார்த்தேன்.

நேற்று தாதரில் ஸ்லோ வண்டி, மகளிர் பெட்டி.
சயானில் இரண்டு தமிழ்ப் பெண்கள் ஏறினார்கள்,
ஒரே இயர்போனின் இரண்டு முனையில் இருவர்.
காட்கோபரில் காலியான இடத்தில்
எங்கிருந்தோ பாய்ந்து ஒருத்தி உட்கார்ந்துவிட,
அதற்காகவே காத்திருந்த குட்டைப்பெண்
நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்:
"அப்போ நான் யாரூஊ?"
மற்றவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மடிந்து சிரித்தாள்.

தப்பு. அதை இழுக்கக் கூடாது, வெட்டணும்.
என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.
மூன்று பேர் முழங்கைக்கு நடுவில் நின்றபடி
சொல்லிக் காட்டினேன்.
பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மராத்திக்காரி
விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.
குட்டைப்பெண் தலையைச் சாய்த்து
மார்க் போடுகிறவளைப் போல யோசித்தாள்.
"கிட்டத்தட்ட வந்துடுச்சு ஆன்ட்டி.
ஆனா ஒரிஜினல்ல உள்ள ஒரு அழுகை இருக்கும்,
கவனிச்சிருக்கீங்களா?"
மிளகாய், என்றேன்.
"என்னது?"
விக்ரோலி வந்து கூட்டம் பிதுங்கியது.
அந்த நெரிசலிலும் இயர்போனைப் பிடுங்கிவிட்டு
போனை என் காதோரம் பிடித்து
பொறுமையாகப் போட்டுக் காட்டினாள்.
ஒருமுறை. மறுபடி. இன்னொரு முறை.
ஆமாம்மா, ஆமாம், என்று
தலையாட்டிக் கற்றுக்கொண்டேன்.

பாண்டுப்பில் இறங்கியதும் வடாபாவ் ஒன்று வாங்கினேன்.
மிளகாய் இரண்டாக வைக்கச் சொன்னேன்.