பகல் உறக்கத்துக்குக் கீழே

பந்துருட்டுக் கூடத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு
ஓடிலைப் பார்க்கப் போனேன்.
எட்டுத் தடங்களும் விலைபோயிருந்தன.
மிச்சம், அம்புக்குறிகள் பதித்த ஒரு துண்டு.
"இருநூறு டாலர். தூக்கிப்போவது உன் பாடு."
தூக்கியது அண்ணன் நோர்மானும் அவன் வேனும்.
நான் நிலவறைக் கதவைத் திறந்து பிடித்தேன்.
ஷிகூட்டிமியின் குளிர் முழுவதும் எங்களோடு உள்ளே வந்தது.

தச்சு மேசைக்குப் பலகை கிடைத்தாயிற்று.
நேரம்தான் இல்லை.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
ஒன்பதுக்கு நான் வீடு வரும்போது
உருக்காலையின் இரவை உதறிவிட்டு
ஃபாபியன் கட்டிலில் விழுந்திருப்பான்.
என் ஓய்வும் அவன் தூக்கமும்
ஒரே மணிக்கணக்கில் ஓடின.
வட்ட ரம்பத்தை ஒரே ஒருமுறை முடுக்கினேன்.
மேலே கட்டில் அதட்டியது.
அன்றே அதன் வயரைச் சுருட்டி
ஆணியில் மாட்டினேன்.

இனிக் கைவேலைதான்.
மேப்பிள் என்றால் மேப்பிள்,
கல்லில் நார் உரிக்கிற மேப்பிள்.
அரக்குப் பூச்சு வெள்ளைத் தூளாய் உதிர்ந்து
காபியில் மிதந்தது.
அதன் பிறகு இழைப்புளி மெல்ல வழிக்கு வந்தது,
ஹ்ஷ்ஷ், ஹ்ஷ்ஷ் என்று,
குழந்தையைத் தூங்கவைக்கிற சத்தத்தில்.
சீவல்கள் காலடியில் சுருண்டன.
ஓரத்தில் மட்டும் ஆணிகள்.
பலகைக்குப் பலகை முறுக்காணி அறைந்தவனுக்கு
யார்மேல் அத்தனை கோபமோ,
எழுபத்தொன்றைப் பிடுங்கி ஜாம் புட்டியில் போட்டேன்.
எழுபத்திரண்டாவது கத்தியைக் கடித்துவிட்டது.

ஸ்ப்ரூஸில் நான்கு கால்கள்.
துளை குடையக் கொட்டாப்புளி வேண்டும்,
கொட்டாப்புளிக்கு வாய் அதிகம்.
அதன் தலையில் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டினேன்.
இருமல் வந்தால் கோட்டுக்குள் இருமினேன்.
கழுந்து துளைக்குள் இறங்க மறுத்தபோது
வாயைத் திறக்காமலே
தெரிந்த வசவுகளை எல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

இருபதாம் நாள். வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
பலகையைத் தரையில் கவிழ்த்து,
கால்களைப் பசையிட்டு இறக்கி,
பசை காய்ந்து,
எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால்
புரண்டு கிடக்கும் ஆமைபோல் மேசை,
கால்கள் நான்கும் கூரையைப் பார்த்தபடி.
தொண்ணூறு கிலோ இருக்கும்.
ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன்.
தூக்கினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.
கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.

படிகளில் வெறுங்கால்.
"என்னாச்சு?"
"ஒண்ணுமில்ல. நீ ஏன் எழுந்தே?"
"சத்தம் நின்னுபோச்சு."

சூட்டுக்காற்றுக் குழாயின் வாய்
அவன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
நான் யோசித்ததே இல்லை.
"செவ்வாய்க்கிழமை கத்தி மழுங்கிடுச்சு,
மதியத்துக்கு மேல தீட்டினே.
முந்தாநாள் முடிச்சு விழுந்த மரம்.
காலுறை எதுக்குன்னுதான் புரியல."
"அது எப்படித் தெரியும்?"
"என்னோடது. தேடிட்டிருக்கேன்."

உள்ளாடைமேல் பனிக்கோட்டு போட்டு
மறுமுனையைப் பிடித்தான்.
மூன்று எண்ணித் தூக்கலாம் என்றேன்.
இரண்டிலேயே தூக்கிவிட்டான்,
எப்போதும்போல.
மேசை சுவரை உரசிச் சுழன்று
டம்மென்று காலூன்றி நின்றது.
சாம்பல் வெளிச்சத்தில் ஏழு அம்புகளும்
எண்ணெய்த் தொட்டியைக் குறிபார்த்தன.
ரசமட்டம் வைத்தேன். குமிழி ஒருபக்கம் ஒதுங்கியது.
தரை சாக்கடைத் துவாரத்தை நோக்கிச் சரிகிறது,
வீடு கட்டிய நாளிலிருந்தே சரிந்திருக்கும்.
பின்னங்காலுக்கு அட்டை ஒன்றை மடித்துத் திணித்தான்.
போதாது. இன்னொன்று.

உள்ளங்கையால் பலகையை ஒருமுறை தடவிவிட்டு
மேலே போனான்.
சற்று நேரம் எதுவும் இல்லை.
பிறகு குழாய்க்குள் தகரக் குரல்:
"ஏதாவது பண்ணு. தூக்கம் வரல."

பேருந்து எடுக்க இன்னும் நாற்பது நிமிஷம்.
அம்புகளுக்கு இடப்பக்கம்
விரலில் லேசாய் ஒரு மேடு தட்டுகிறது.